லைன் வீடும் லீவு லெட்டரும்

என் அப்பத்தா மொத்தம் நான்கு முறை இறந்திருக்கிறாள். முதல் மூன்று சாவும் அப்பாவின் லீவு லெட்டரில் நடந்தவை. நான்காவது தடவை நிஜமாகவே இறந்தபோது, ஸ்டேஷன் ரைட்டர் லெட்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டையா, உங்கம்மாவைப் போன தைப்பூசத்துக்குத்தானே அடக்கம் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். அவளுக்கும் அந்த ரிக்கார்டில் பங்கு உண்டு. டைபாய்டு இரண்டு முறை, கர்ப்பப்பை ஆபரேஷன் ஒருமுறை, காய்ச்சல் கணக்கில்லாமல். "அந்த பைலைப் படிச்சா நான் ஒரு நாள்கூட எந்திரிச்சு அடுப்புப் பத்த வெச்சிருக்க மாட்டேன்" என்பாள். அவள் படுத்துக் கிடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

'வீட்டில் இருக்க ஆசையாக இருக்கிறது', 'பிள்ளையின் முகத்தைப் பார்த்து பத்து நாளாகிறது' என்றெல்லாம் காரணம் எழுத முடியாது. யாராவது செத்தால் ஒரு நாள் கிடைக்கும், சாகக் கிடந்தால் அரை நாள். 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தில் 22-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. போலீஸ்காரர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது அது. சென்னை மாகாணத்துக்கு அதற்கு இரண்டு வருஷம் முந்தியே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வேறாக இருந்தாலும் எங்கள் வீடு நடந்தது என்னவோ அந்த 22-ஆவது பிரிவின்படிதான்.

எண்பதுகளில் நாங்கள் குடியிருந்தது சேலத்தில் ஒரு போலீஸ் லைன். ஒரு கூடம், ஒரு அடுப்படி, மேலே சீமை ஓடு. கக்கூஸும் குழாயும் பொது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். கதவுக்குப் பின்னால் லத்தி. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி, அதற்குள் எப்போதும் தயாராக ஒரு போர்வை, ஒரு லுங்கி, ஒரு ஈயத் தட்டு, பல்பொடி. 'பந்தோபஸ்து' என்று ஆள் வந்து சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி ஏற வேண்டியதுதான். எங்கே, எத்தனை நாள் என்று கேட்டால் அப்பாவுக்கே தெரியாது. அக்டோபர் 30 தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை, தேர்தல் வந்தால் எங்கேயோ. ஐப்பசியில் பசும்பொன்னும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும். எங்கள் லைனில் தீபாவளி என்பது ஆண்கள் இல்லாத பண்டிகை. வெடியைப் பெண்களும் பிள்ளைகளுமாக வெடித்துவிட்டு, பலகாரத்தில் ஒரு பங்கைத் தூக்குவாளியில் எடுத்து வைப்போம். அவர்கள் வரும்போது முறுக்கு நமுத்துப் போயிருக்கும்.

அப்பா வீட்டுக்கு வந்தால் முதலில் யாரும் பேச மாட்டோம். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்ப்பார். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அன்றைக்கு ஒன்றும் மோசமில்லை, கிட்டே போகலாம். கட்டிலில் விசிறியடித்தால் நாங்கள் புத்தகப் பையோடு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவோம். என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. ஒருநாள் காலர் பட்டையில் காய்ந்த ரத்தம் இருந்தது. அம்மா அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு அலசி, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தி, பித்தளை வில்லைக்கு பிராஸோ தேய்த்து வைத்தாள். அது அவருடைய ரத்தமா, வேறு யாருடையதா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

லைனைப் பற்றிப் பேசும்போது பழைய ஆட்கள் கண்ணில் நீர் வராத குறையாகப் பேசுவார்கள். நானும் அப்படிப் பேசக்கூடியவள்தான். ஆனால் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை பெல்ட்டால் அடித்தவர்களும் அதே லைனில்தான் இருந்தார்கள். ஊரில் யாராவது அப்படி அடித்தால் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், லைனுக்குள் நடந்தால் 'அது ஊட்டு விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஸ்டேஷனில் வாங்கிய ஏச்சு வீட்டில் அடியாக இறங்கும். இதையெல்லாம் சினிமா காட்டாது. 1974-இல் 'தங்கப்பதக்கம்' வந்தபோது கடமைக்காக மகனையே பலி கொடுத்த அதிகாரியைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. எங்கள் லைன் பெண்களும் இரண்டாம் ஆட்டம் போய் அழுதுவிட்டுத்தான் வந்தார்களாம். அம்மா மட்டும், "எஸ்பி வீட்டுல அழுவறதுக்குத் தனி ரூம் இருக்குது" என்றாளாம்.

எஸ்பி வீடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குப் போலீஸ்காரர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் பல மாநிலங்களில் கொதித்தெழுந்த வருஷம் அது. ஆனால் 2022-லும் ஆர்டர்லி முறையை வேரோடு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அரசாணைக்கு அப்புறம்தான் எங்கள் எதிர்வீட்டு மாமா ஐந்து வருஷம் ஒரு அதிகாரியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். அவருடைய மகளை எங்கள் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள்.

1993 ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. மேட்டூருக்கு அந்தப் பக்கம் பாலாறு அருகே வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். எங்கள் லைனிலிருந்து இரண்டு பேர் காட்டு டியூட்டிக்குப் போயிருந்தார்கள். ரேடியோவில் செய்தி வந்தது. எண்ணிக்கை சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை. லைனுக்கு மொத்தமாக ஒரே போன், அதுவும் கார்டு ரூமில். அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் அங்கே போய் நின்றார்கள். பாரா நின்ற பையனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, தெரிஞ்சா நானே ஓடி வந்து சொல்றேங்க்கா" என்றான். அவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அம்மா பெரிய குண்டானில் ரசஞ்சோறு ஆக்கி அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் எங்கள் கூடத்தில் உட்கார வைத்துப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். ராத்திரி பதினொரு மணி சுமாருக்கு ஒரு ஜீப் லைனுக்குள் வந்தது. இஞ்சின் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எந்த வாசலில் நிற்கப் போகிறது என்று நாற்பது வீட்டுப் பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது வேறு வேலையாக டிரைவரைக் கூப்பிட வந்த ஜீப். மறுநாள் மத்தியானம்தான் தகவல் வந்தது: இரண்டு பேரும் வேறு முகாமில் இருக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி சந்தோஷத்தில் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு ஏதோ ஒரு லைனில் ஜீப் நின்றிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

காக்கிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வீடுகளும் மலையடிவாரங்களில் இருந்தன. வனத்துறையும் போலீஸும் புகுந்து சூறையாடிய வாச்சாத்தி அதற்கு முந்தின வருஷம்தான் நடந்தது. இதை நான் விவரம் தெரிந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். லைனுக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது லேசில் புரியாது.

இப்போது என் அண்ணன் மகளின் முறை. சென்னையில் ஒரு சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்தில் இருக்கிறாள். அவள் தேர்வு எழுதித் தேர்வானபோது அண்ணன் தடுக்கப் பார்த்தான். அம்மாதான், "உட்ரா, நம்ம வூட்டுக் காக்கிதானே" என்றாள். 1973-இல் தமிழ்நாட்டில் பெண்களைக் காவல் துறையில் எடுத்தபோது மொத்தமே 22 பேர்: ஒரு எஸ்ஐ, ஒரு ஏட்டு, இருபது காவலர்கள். 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. சேலத்தில் முதன்முதலாகக் காக்கி போட்ட பெண்ணைப் பார்த்த அன்று அம்மா கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் பிரசித்தம்: "இந்தப் புள்ள வூட்டுல யாரு சோறாக்கறது?"

அம்மா அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. போலீஸ்காரன் வீட்டுக்கு வராத பொழுதையெல்லாம் நிரப்புவதற்கு ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆளாகவே முப்பது வருஷம் இருந்தவள். வேலையையும் குடும்பத்தையும் சமன் செய்வது பற்றி இப்போது வகுப்பெல்லாம் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்பா எதையும் சமன் செய்யவில்லை. தராசின் இரண்டு தட்டையும் அம்மாவே பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மகள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது அவளுடைய மாமியார். ஆத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார். ஐந்தாவது மாடியில் குவார்ட்டர்ஸ், லிப்ட் உண்டு, எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எல்லாருடைய கதவும் சாத்தியே இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்பதால் குழாயடி இல்லை.

மாப்பிள்ளைக்குத் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. 'போலீஸ்காரன் பொண்டாட்டி' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஊரில் எழுதாத சட்டம் இருக்கிறது. 'போலீஸ்காரி புருஷன்' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆபீசில் அவரை "எஸ்கார்ட் வந்துடுச்சா சார்?" என்று கேலி செய்கிறார்களாம். ராத்திரி ரவுண்ட்ஸ் நாட்களில் இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பார். "பச்சைப் புள்ளி எரிஞ்சா தூங்கிடுவேன் அத்தை" என்றார் என்னிடம். அந்தப் பச்சைப் புள்ளி, வாட்ஸ்அப்பில் அவள் பகிர்ந்து வைக்கும் லொக்கேஷன். அது தெருத் தெருவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் படுத்திருக்கிறார். பழைய ராத்திரி பீட்டில் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள், விடிந்த பிறகுதான் அது யாருக்கும் தெரியும். இப்போது 'ஸ்மார்ட் காவலர்' செயலியில் பதிவாகிறது. அதிகாரிக்கும் தெரிகிறது, புருஷனுக்கும் தெரிகிறது.

தெரிவது நல்லதா? எனக்குச் சந்தேகம்தான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே ஜீப் வந்தால் மட்டும் பயப்பட்டாள். இவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, ஆகவே புள்ளி பத்து நிமிஷம் நகராவிட்டால் பயப்படுகிறார்கள். ஏதோ ஒரு ஊர்வலத்தில் கல் பறந்தால் அரை மணிக்குள் அந்த வீடியோ குடும்ப குரூப்பில் வந்துவிடுகிறது. 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் எஸ்எஸ்ஐ வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த கேமரா காட்சியை டிவி திரும்பத் திரும்பப் போட்டது. அண்ணன் மகளின் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, சாவடி டியூட்டி வேண்டாமென்று சொல்லச் சொன்னாராம். அடுத்த வருஷம் நவம்பர் 21 விடிகாலையில் ஆடு திருடியவர்களை பைக்கில் தனியாகத் துரத்திப் போன நவல்பட்டு எஸ்எஸ்ஐ பூமிநாதன் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்டுக்காகச் செத்தார் என்று இரக்கத்தோடுதான் பலரும் சொன்னார்கள். எனக்குத் தைத்தது 'தனியாக' என்கிற வார்த்தை. கையில் போன் இருந்தும், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

2020 ஜூன் மாதத்தை அண்ணன் மகள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதம் 17-ஆம் தேதி மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி கொரோனாவில் இறந்தார். ஆபத்து கத்தியாகவும் கல்லாகவும் வந்தவரை அது ஸ்டேஷனோடு நின்றது. அந்த ஜூனில் அது சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தது. பிள்ளை அப்போது கைக்குழந்தை. இவள் ஸ்டேஷனிலேயே சுடிதாருக்கு மாறி, வந்ததும் குளித்து, பால் கொடுக்கப் போகும்போதும் முகக்கவசத்தோடு உட்காருவாளாம். ஊரே போலீஸைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, சாத்தான்குளத்தில் காவலில் சித்திரவதைப்பட்ட அப்பாவும் மகனும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். கும்பிட்ட ஊர் காறித் துப்பியது. துப்பியதில் நியாயம் இருந்தது. ஆனால் பால்காரர் இவள் வீட்டு வாசலில் நின்று "உங்களையெல்லாம் நம்பி எப்படிம்மா?" என்று கேட்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது மாமியாருக்கு. இன்றைக்கும் இவள் சுடிதாரில்தான் வீட்டுக்கு வருகிறாள். கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. காக்கி பைக்குள் மடிந்து வருகிறது. அப்பா கஞ்சி போட்ட சட்டையோடு லைனுக்குள் சைக்கிளில் வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடுவோம். இவள் மகனுக்கு அம்மாவின் காக்கி, துவைக்கப் போட்ட துணி.

துறையில் எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2018 வாக்கில் பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியோடு 'நிறை வாழ்வு' பயிற்சி தொடங்கியபோது குடும்பத்தாரையும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எங்கள் லைனில் பெல்ட் அடி வாங்கிய அக்காக்களை யாரும் அப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. 2021-இல் மகப்பேறு விடுப்பு ஒரு வருஷமானது. முதல்வர் போகும் சாலையோரங்களில் பெண் காவலர்களை மணிக்கணக்கில் நிற்க வைக்க வேண்டாமென்று அதே வருஷம் உத்தரவு வந்தது. மகப்பேறு முடிந்து திரும்புகிறவர்களுக்குக் கணவர் வீட்டாரோ பெற்றோரோ இருக்கும் மாவட்டத்திலேயே மூன்று வருஷம் வேலை என்று 2024-இல் அறிவித்தார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது பார்க்க மிகச் சின்னதான ஒன்று. பெண் காவலர்களின் பொன்விழாவில், 2023 மார்ச்சில், அவர்களுக்குக் காலை ரோல் கால் ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றப்படும் என்றார்கள்.

அந்த ஒரு மணி நேரம் என்னவென்று அண்ணன் மகள் வீட்டில் ஒருநாள் தங்கிப் பார்த்தேன். ஆறே காலுக்கு எழுந்தாள். ஆறரைக்கு இட்லி குண்டான். ஆறே முக்காலுக்குப் பையனை எழுப்பினாள், அவன் எழவில்லை. ஏழுக்கு மறுபடி எழுப்பினாள். பழைய கணக்கில் இந்நேரம் ஸ்டேஷனில் வரிசையில் நின்றிருப்பாள். ஏழு பத்துக்கு அவனுக்குப் பல் தேய்த்துவிட்டாள். ஷூவில் ஒன்று காணோம், கட்டிலுக்கடியில் கிடந்தது. ஏழே காலுக்கு இரண்டாவது இட்லியில் அடம். "முழுங்கு, இல்லேன்னா புடிச்சு உள்ள போட்ருவேன்" என்றாள். "லாக்கப்லயா?" என்று ஆசையாகக் கேட்டான். ஏழு முப்பத்தைந்துக்கு வேன் வந்தது. கை காட்டிவிட்டு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தாள். மேலே பால்கனியில் மாமியார் நின்று, வேன் திரும்பும் வரை ஒரு பக்கமும் ஸ்கூட்டர் திரும்பும் வரை மறு பக்கமும் பார்த்தார். திருவிழா, வி.ஐ.பி. வருகை என்றால் இந்த எட்டு மணியெல்லாம் கிடையாது, ஐந்துக்கே போய் நிற்க வேண்டும் என்றாள். வருஷத்தில் பாதி நாளாவது இந்த வேன் ஏற்றுகிற வேலை தனக்கு வாய்க்கிறது என்றும் அவளே சொன்னாள்.

வார ஓய்வும் வந்தது. 2021-இல் டிஜிபி சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார், நவம்பரில் அரசாணையும் போட்டார்கள். பிறந்த நாளுக்கும் கல்யாண நாளுக்கும் லீவு, மைக்கில் வாழ்த்து. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மைக்கிலயா? எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?" என்று மூன்று முறை கேட்டார். அவருடைய உண்மையான பிறந்த நாள் எங்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. அண்ணன் மகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, பாதி வாரம் கிடைப்பதில்லை. கிடைத்த நாளிலும் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப் ஓய்வதில்லை. ஆள் பற்றாக்குறை, இன்ஸ்பெக்டரின் குணம், ஊரின் நிலவரம் என்று மூன்று பூட்டு அந்த அரசாணைக்கு.

அப்பா இப்போது இல்லை. அம்மா போன மாதம் சென்னைக்கு வந்து பேத்தி வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்து மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சென்னையில் இப்போது போனிலேயே செயலி வழியாக லீவு கேட்கலாம். பையனுக்குப் பள்ளி ஆண்டு விழா, மரமாக நிற்கும் வேஷம். அண்ணன் மகள் தேதியைப் போட்டாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'மகனின் பள்ளி ஆண்டு விழா' என்று அடித்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அதை எடுத்துடு கண்ணு. புள்ளைக்குக் காய்ச்சல்னு போடு."

"அப்பத்தா, இப்பல்லாம் அப்படி இல்ல."

"போடு சாமி. குடுக்க மாட்டாங்க."

அவள் விரல் திரைக்கு மேலே சற்று நேரம் நின்றது. உள்ளறையில் பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.